வாசற்படியில் நின்றவர்

மாலை மணி ஒலித்ததும் விளக்கேற்றிச் செபமாலைக்கு அமரும் வழக்கம் முருங்கன் பகுதிக் கத்தோலிக்க இல்லங்களில் இன்றும் உண்டு. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் எத்தனையோ நல்ல வழக்கங்களை விழுங்கிவிட்ட இக்காலத்திலும், இந்த ஒன்றை நம் தாய்மார் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அவர்களைப் போற்றுகிறோம். எனினும், இவ்வாரம் நாம் எழுதப் புகுந்தது செபமாலையின் பெருமையைப்பற்றியன்று. அது நடந்துகொண்டிருந்த வேளையில் எமது வாசலில் வந்து நின்ற ஒருவரைப்பற்றியே எழுதுகிறோம்.

பெரும்போகத்திற்கு நிலம் பண்படுத்தும் காலம் அது. எமது வயலில் மூன்று நாள் வரம்பு கட்டிய தொழிலாளி ஒருவர், வியாழன் மாலை படலையடியில் வந்து நின்று குரல் கொடுத்தார். கூலியைச் சனிக்கிழமை தருவதாக நாம் சொல்லியிருந்தோம். செபமாலையில் மூன்றாம் தேவரகசியம் நடந்துகொண்டிருந்தது. நாம் எழவில்லை. "செபம் நடக்கிறது, பொறுத்திருக்கச் சொல்" என்று வீட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். செபமாலை முடிந்தது, பிரார்த்தனை முடிந்தது, மாதாவின்மேல் ஒரு பாட்டும் முடிந்தது. வெளியே வந்து பார்த்தால் படலையடியில் ஒருவருமில்லை.

மறுநாட் காலையில் அவர் வழக்கம்போல வயலில் நின்றார். "நேற்று ஏன் தம்பி போய்விட்டீர்?" என்று கேட்டோம்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் ஐயா. மருந்து வாங்கவேண்டியிருந்தது. கடை நானா காசு தந்தார். இப்போது பரவாயில்லை" என்றார். அந்தக் குரலில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் நடந்துவிட்டார். நாம்தான் நின்ற இடத்தில் நின்றோம்.

'கடை நானா' என்று அவர் சொன்னது ஒரு முஸ்லிம் முதியவரை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஒருங்கே வெளியேற்றியபோது, கையிற் பிடித்த பையோடு புத்தளம் சென்று, நீண்ட காலம் அகதியாக வாழ்ந்து, போர் ஓய்ந்தபின் திரும்பி வந்தவர் அவர். அன்றே அவரிடம் சென்று அப்பணத்தைக் கொடுக்க முயன்றோம். முந்தின மாலை தொழுகைக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவர், மறுபடி திறந்து காசெடுத்துக் கொடுத்தார் என்பதை அங்கேதான் அறிந்தோம். எமது பணத்தை அவர் வாங்கவில்லை. "அவரே தருவார். நீங்கள் கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் அவருக்கு வெட்கமாயிருக்கும்" என்றார்.

ஒரே மாலைப்பொழுதில், இரண்டு வீடுகளில், இரண்டு தொழுகைகள். ஒன்றில் வந்தவர் காத்திருக்க வைக்கப்பட்டார். மற்றதில் தொழுகைக்குப் புறப்பட்டவரே காத்து நின்றார். நல்ல சமாரியன் உவமையைச் சிறுவயது முதற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உவமையில் விலகிப் போன குருவின் இடத்தில் ஒருநாள் நாமே நிற்க நேரும் என்று எண்ணியதில்லை.

ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த இரக்கச் செயல்கள் பதினான்கு. உடலைச் சார்ந்தவை ஏழு, ஆன்மாவைச் சார்ந்தவை ஏழு. பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்குத் தண்ணீர், ஆடையற்றோர்க்கு ஆடை, வழிப்போக்கர்க்கு இடம், நோயாளரையும் சிறைப்பட்டோரையும் சந்தித்தல், இறந்தோரை அடக்கஞ் செய்தல் என்பன முதல் ஏழு. இவற்றுள் ஆறு, மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சியில் வருகின்றன. அக்காட்சியில் தள்ளப்பட்டவர்கள் கொள்ளைக்காரரல்லர், கொலைகாரருமல்லர். வந்தவர் யாரென்று அறியாமல், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவர்கள், அவ்வளவே. படலைக்குப் போகாமலிருப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதே ஞானோபதேசத்தில், வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள் என நான்கு உண்டு. அவற்றுள் ஒன்று, தொழிலாளியின் கூலியை வஞ்சித்தல். ஏழைத் தொழிலாளியின் அன்றைய கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. நாம் வஞ்சிக்கவில்லை, சனிக்கிழமை என்றுதானே சொன்னோம் என்று மனம் வாதாடிப் பார்த்தது. ஆனால், உண்மை வேறு. அந்த மனிதர் எமது இரக்கத்தைக் கேட்டு வரவில்லை. தமது உழைப்பின் விலையைக் கேட்டு வந்தார். கொடுக்கவேண்டிய கடனைத் தாமதித்துவிட்டு, தருமத்தைப்பற்றிப் பேசுவது எவ்வளவு எளிது!

செபத்தைப் பாதியில் விடுவது முறையாகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். இதற்கு விடை பழையது. பிரான்சு தேசத்தில் 1633இல் பிறர்சினேக சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான புனித வின்சன்ட் தே பவுல், செபவேளையில் நோயாளி ஒருவர் அழைத்தால் மனக்கலக்கமின்றி எழுந்து செல்லும்படி தம் சகோதரிகளுக்குப் போதித்தார். அங்ஙனம் செல்பவர் கடவுளை விட்டுப் போகவில்லை, கடவுளிடமே போகிறார் என்பது அவர் கருத்து.

இலங்கையின் அப்போஸ்தலராகிய புனித யோசப்வாஸ் அடிகளாரின் வாழ்க்கையும் இதையே கூறுகிறது. 1651இல் கோவாவிற் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழை யாசகர் கோலத்தில் இத்தீவிற்கு வந்தார். 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. நோயுற்றோரைக் கைவிட்டு மக்கள் நகரைவிட்டு ஓடினர். அடிகளாரோ தம் மருமகனாகிய யோசப் கர்வாலோ குருவுடன் அங்கேயே தங்கி, கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தார். நோயுற்றவர் கிறிஸ்தவரா, பௌத்தரா என்று அவர் கேட்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலிலேயே திருத்தந்தை மருதமடுவுக்கு வந்ததை நம் பகுதியில் மறந்தவர் யார்?

அந்த மருதமடுவின் வரலாறே, வாசலில் வந்து நின்றவர்களின் வரலாறுதான். ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சிய குடும்பங்கள், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள் அத்திருத்தல வளவிலே தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பர் 20இல் அங்கே எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தோரில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். 2008இல் மாதாவின் சொரூபமே இடம்பெயர நேர்ந்தது. இன்னொருவர் வாசலில் நின்று இடங் கேட்பது எத்தகையது என்பதை நமக்கு எவரும் புத்தகத்திலிருந்து போதிக்கவேண்டியதில்லை.

ஆபத்துக் காலத்தில் நம் மக்கள் ஒரு பிடி அரிசியையும் பகிர்ந்துண்டார்கள். ஐயமில்லை. சோதனை வருவது அமைதிக் காலத்திலே. யுத்தத்தில் ஒரே பாயில் உறங்கிய இரு குடும்பங்கள், இன்று ஒரு முழ வேலிக்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பதைக் காண்கிறோம். பெரிய இரக்கம் ஒருநாள் வேலை. சிறிய இரக்கம் நாளாந்த வேலை. ஆதலால், பின்னையதே கடினம்.

முருங்கன் விவசாயிக்கு 'தாகமுற்றோர்க்குத் தண்ணீர்' என்பதன் பொருள் வேறெங்கும் போலன்று. அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்திற் சேர்த்து, வாய்க்கால் வழியே வயலுக்கு விடுகிறோம். மழை பொய்த்த ஆண்டில், தன் வயல் நிரம்பியபின்னும் மடையை அடைக்காமல் உறங்கச் செல்பவன், வாய்க்காலின் கடைசியில் இருப்பவனுடைய பிள்ளைகளின் சோற்றையன்றோ தடுக்கிறான்? இரவில் ஒருதரம் எழுந்து சென்று மடையை அடைப்பது, கோயிலில் எரியும் மெழுகுவர்த்திக்குக் குறைந்த காணிக்கையன்று.

நோயாளரைச் சந்திப்பதும் அப்படியே. போரில் காணாமற்போன மகனின் படத்தை இன்னும் சுவரில் வைத்துக் காத்திருக்கும் தாய்மார் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. எனினும், போய் அரைமணி நேரம் திண்ணையில் அமர்ந்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். கடனால் நொந்த வீட்டாரைக் கோயில் முற்றத்தில் கண்டால், முகந்திருப்பாமல் நலம் விசாரிக்கலாம். உதவி செய்யும்போது, அந்தக் கடைக்காரப் பெரியவரைப்போல, பெறுபவரின் மானத்தையும் காத்துக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

எமது வீட்டில் செபமாலை நிற்கவில்லை. இன்றும் அதே வேளையில் நடக்கிறது. இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்திருக்கிறோம். கூலியை அன்றன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிடுகிறோம். செபவேளையில் படலையில் யாரேனும் குரல் கொடுத்தால், பிள்ளையை அனுப்பாமல் நாமே எழுந்து போகிறோம். சென்ற கிழமை அவ்வாறு போனபோது, வந்தவர் ஓர் அயலவர். ஏணி இரவல் கேட்டு வந்தவர். ஏணியைக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட மணியிலிருந்து தொடர்ந்தோம்.