மகளின் ஓட்டும் மகனின் நருட்டோவும்



எங்கள் வீடு கொஞ்சம் கட்டுப்பெட்டியான வீடு. விளக்கு வைத்த பிறகும் பிள்ளைகள் வெளியே இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் செல்போன் இருக்கக் கூடாது. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், வாங்க என்று கூப்பிட வேண்டும். இந்தப் பழக்கங்களில்தான் நான் வளர்ந்தேன். அவை எனக்கு நல்லதையே செய்தன. என் பிள்ளைகளுக்கும் அவை வாய்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதற்காகப் பாடுபடுகிறேன்.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது, என்னைப் போன்ற பெற்றோரின் மனத்தை அரிக்கும் இரண்டு கவலைகளைப் பற்றி. ஒன்று, வீட்டுப் பெண்களின் ஓட்டு. மற்றொன்று, பிள்ளைகளைப் பிடித்திருக்கும் ஜப்பானிய அனிமே மோகம். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே குடியிருக்கின்றன. மகளுக்கு இப்போதுதான் வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், நருட்டோ தொடர் என்றால் சோறு தண்ணீர் மறப்பான். உறவுக்காரர்கள் வந்தால் கேள்வியும் இரண்டுதான். “பாப்பா யாருக்குப் போடும், நம்ம வீட்டுல எல்லாரும் போடுற சின்னத்துக்குத்தானே?” “தம்பி ஏன் இவ்வளவு பெரிய பையனாகியும் பொம்மைப் படம் பார்க்கிறான்?” அவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். பிள்ளைகள் நம் கையை விட்டுப் போய்விடுவார்களோ என்ற ஒரே பயம்தான் இரண்டு கேள்விகளையும் கேட்க வைக்கிறது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து கையை இறுக்குவது என்று நான் நம்பவில்லை.

முதலில் ஓட்டு. பெண்கள் தாமாக முடிவெடுத்து வாக்களித்தால் குடும்பம் கலைந்துவிடும் என்ற பேச்சு நூறு வயது தாண்டிய பேச்சு. 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு, சென்னைக்கு வந்திருந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. இந்தியப் பெண்கள் அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை, சமூகமும் ஏற்காது என்று ஆங்கிலேய அதிகாரிகள் கைவிரித்தார்கள். முடிவை மாகாணங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு விட்டார்கள். 1921இல் சென்னை மாகாண சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களில் இதைச் செய்ததில் சென்னைதான் முதல். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பது அப்போதைய நிலை. ஆணுக்கும் அதே நிபந்தனைதான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையிலோ 1931இலேயே 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டு கிடைத்துவிட்டது.

என் மகனுக்கு இதைச் சொன்னபோது, ஜப்பானில் எப்போது என்று கேட்டான். தேடிப் பார்த்துச் சொன்னேன். ஜப்பானியப் பெண்கள் பொதுத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1946 ஏப்ரல் 10ஆம் தேதி, போரில் தோற்ற அடுத்த ஆண்டு. அன்றைக்கே 39 பெண்கள் கீழவைக்குத் தேர்வானார்கள். தன் கனவு தேசத்தைவிட அப்பத்தாவின் ஊர் கால் நூற்றாண்டு முந்திக்கொண்டது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

சென்னை சட்டமன்றத்துக்குள் வந்த முதல் பெண் உறுப்பினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் அங்கே என்ன செய்தார் என்று பாருங்கள். கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார், பெண் குழந்தைகளின் திருமண வயதை உயர்த்தப் பேசினார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். பின்னாளில் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாக இருந்தார். குடும்பம் காக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இவரைக் கையெடுத்துக் கும்பிட அல்லவா வேண்டும்?

சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலில் நடந்த ஒன்றைப் பெண்ணைப் பெற்ற எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே பதிந்தார்கள். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவு என்று அன்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது மிகப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது. ஒருத்தியைப் பெயர் சொல்லி வரவழைத்து, நீ யாரைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று ஒரு நாடு கேட்டது. அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதிலாக அப்பனோ அண்ணனோ புருஷனோ பதில் சொன்னால், அவள் பெயர் பட்டியலில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

என் அப்பா தேர்தலுக்கு முந்தைய நாள் இரவு, இந்தச் சின்னத்தில் போடு என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா தலையாட்டுவார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் நின்று உள்ளே போய் வருவார். அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியவர் இல்லை. ஆனால் எந்தத் தேர்தலிலும் யாருக்குப் போட்டார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை. வாக்குச்சாவடி மறைப்புக்குள் அவர் எடுத்த முடிவு அவருடையது. அதனால் எங்கள் குடும்பத்தின் ஒழுங்கு ஒரு நூலும் பிசகவில்லை.

கட்டுப்பாட்டை மதிக்கும் வீட்டாருக்கு நான் இன்னொன்றும் சொல்வேன். இந்த நாட்டில் வீட்டைக் காப்பாற்றியதில் பெண்கள் ஓட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தத் தீ ஆந்திரம் முழுக்கப் பரவியது. 1994 தேர்தலில் என்.டி.ராமாராவ் மதுவிலக்கை வாக்குறுதியாகத் தந்து வென்றார், வந்ததும் நிறைவேற்றினார். அது இரண்டே ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது என்பது தனிச் சோகம். பீகாரில் 2016இல் மதுவிலக்கு வந்ததற்கும் பெண்கள் எழுப்பிய குரல்தான் காரணம். தமிழ்நாட்டில் அதே ஆண்டு எல்லாப் பெரிய கட்சிகளும் மதுவிலக்கைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. ஆட்சிக்கு வந்ததும் ஜெயலலிதா முதல் நாளில் 500 டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவிட்டார். மேடையில் ஒழுக்கம் பேசும் ஆண்கள் எத்தனையோ பேர். கடையை மூடு என்று ஓட்டால் சொன்னவர்களில் பெண்களே முன்னால் நின்றார்கள்.

இப்போது இன்னொரு ஏளனம் கிளம்பியிருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகைக்கும் இலவசப் பேருந்துக்கும் பெண்கள் ஓட்டை விற்றுவிட்டார்கள் என்கிறார்கள். இலவச மின்சாரத்தைப் பார்த்து விவசாயி ஓட்டுப் போட்டால் அது கோரிக்கை. பழைய ஓய்வூதியத்துக்காக அரசு ஊழியர் போட்டால் அது உரிமை. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாள் பஸ் காசு மிச்சமாவதை எண்ணிப் போட்டால் மட்டும் விலை போனதா? இந்தத் திட்டங்கள் சரியா தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கை இழிவாகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். தேர்தலுக்கு முந்தைய இரவில் கவரில் வரும் பணம் வேறு சங்கதி. அதை வாங்கக் கூடாது என்று மகளிடமும் மகனிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இன்னாருக்குப் போடு என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டால் என் காரணங்களைச் சொல்கிறேன். மகளின் காரணங்களையும் கேட்கிறேன். சில சமயம் சாப்பாடு ஆறிப்போகிறது.

அனிமே விஷயத்துக்கு வருகிறேன்.

இது நேற்று வந்த விருந்தாளி இல்லை. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் மோக்லி ஓடியதே, நினைவிருக்கிறதா? கதை கிப்ளிங்குடையது. படம் ஜப்பானில் செய்தது. இந்தி புரியாமலேயே ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு டோராமானும் ஷின்சானும் தமிழ் பேசினார்கள். இப்போது நருட்டோ பேசுகிறான். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழிலும் திரைக்கு வந்தது.

உறவுக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டுமே என்று மகனோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். நருட்டோ பெற்றோரை இழந்த பையன். அவன் உடலுக்குள் ஒரு கொடிய ஒன்பது வால் நரி அடைக்கப்பட்டிருப்பதால் ஊரே அவனை ஒதுக்குகிறது. அவனை முதலில் மனிதனாக மதிப்பவர் இருகா என்ற ஆசிரியர். அதே நரியால் தாய் தகப்பனை இழந்தவர் அவர். அந்தத் துயரத்தைக் கடந்து வந்து, பையனைக் கூட்டிப்போய் ராமென் நூடுல்ஸ் வாங்கிக் கொடுக்கிறார். டீமன் ஸ்லேயரின் டான்ஜிரோ, தகப்பன் இறந்தபின் கரி விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் மூத்த பையன். ஓர் இரவில் குடும்பம் மொத்தமும் அழிகிறது. அரக்கியாக மாறிவிட்ட தங்கை மட்டும் மிஞ்சுகிறாள். அவளைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, மறுபடி மனுஷியாக்க வழி தேடி அலைகிறான். தன்னால் வீழ்த்தப்பட்ட அரக்கனுக்காகவும் கண் கலங்குகிறான். இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் பேராசைப்பட்டுத் தின்று பன்றிகளாகிவிட்ட அப்பா அம்மாவை மீட்க, பத்து வயதுச் சிறுமி ஒரு குளியல் விடுதியில் கூலி வேலை செய்கிறாள்.

குருபக்தி, கூடப்பிறந்தவர் மேல் பாசம், பெற்றவருக்காகப் படும் பாடு. நாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகும் சங்கதிகளை இந்தப் பிள்ளைகள் கண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நருட்டோவின் ஊரில் ஐந்தாவது தலைவராக வருபவர் சுனாடே என்ற பெண்மணி. “அது எப்படி, ஒரு பொம்பளை?” என்ற கேள்வியே என் மகனுக்கு எழவில்லை. அந்தத் தலைவரை ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, பிரபுவும் மூத்தவர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள் என்று அவன் விளக்கியபோது அக்கா சும்மா இருப்பாளா? அப்படியானால் ஊர் ஜனங்கள் எதற்கு என்று பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த வாதம் எந்தக் குடிமையியல் பாடத்துக்கும் குறைந்ததில்லை.

இதற்காக வருகிற எல்லாவற்றுக்கும் நான் கதவைத் திறந்து வைக்கவில்லை. ஷின்சான் முதலில் 1990இல் பெரியவர்களுக்கான ஒரு வார இதழில் வந்த கதை. அதன் பேச்சும் சேட்டையும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது என்று இங்கே பெற்றோர் முறையிட்டதும், 2008இல் மத்திய அரசு தடுத்ததும், பிறகு வெட்டித் திருத்தி வந்ததும் காரணமில்லாமல் நடக்கவில்லை. டீமன் ஸ்லேயரில் தலைகள் உருள்கின்றன. வேறு சில தொடர்களில் பெண் உடலைக் காட்டும் விதம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதை மகனிடம் நேராகவே சொன்னேன். உன் அக்காவை யாராவது இப்படிப் பார்த்தால் பொறுப்பாயா என்று கேட்டேன். அவன் தலை குனிந்தான், ஆனால் புரிந்துகொண்டான். எல்லா அனிமேயும் கார்ட்டூன்தானே, குழந்தைகளுக்கானதுதானே என்று நினைக்கும் பெற்றோர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். திரைப்படச் சான்றிதழில் 2024 முதல் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தே தருகிறார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். திருட்டுத் தளங்களில் அதுவும் இருக்காது, விளம்பரங்களும் ஆபாசம். எங்கள் வீட்டில் கூடத்து டிவியில் மட்டும்தான் பார்க்கலாம், பத்து மணிக்கு மேல் கிடையாது.

வேஷம் கட்டுவதைக் கண்டும் சிலர் மிரள்கிறார்கள். 2024 பிப்ரவரியில் சென்னையில் காமிக் கான் என்ற விழா நடந்தபோது பிள்ளைகள் கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வந்தார்கள். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு லட்சக்கணக்கானோர் காளியாகவும் குறவராகவும் வேடம் தரிக்கும் மண் இது. அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு. இரண்டையும் சமமாக வைக்க மாட்டேன். ஆனால் வேஷம் போட்ட பிள்ளையைக் கண்டு பயப்பட நமக்கு ஒரு காரணமும் இல்லை.

நம் கதைகளை மறந்துவிடுவார்கள் என்று கவலைப்படுவோருக்கு யூகோ சாகோ என்ற ஜப்பானியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமாயணத்தில் மனம் பறிகொடுத்து, நம்மூர் அனிமேஷன் கலைஞர் ராம்மோகனோடு சேர்ந்து அதை அனிமே படமாக்கினார். அந்நியர் நம் இதிகாசத்தைப் பொம்மைப் படமாக்குவதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. அதையும் தாண்டி 1992இல் படம் முடிந்தது. 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரையரங்குகளுக்கு வந்தது. அப்பத்தாவும் பேரனும் சேர்ந்து பார்க்க அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு இருவரும் சண்டை போட்டார்கள். அப்பத்தா அறிந்த கதையில் உள்ள எத்தனையோ சங்கதி படத்தில் இல்லையாம். விட்டுப்போனதையெல்லாம் அவரே சொல்லத் தொடங்கினார், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

முடிக்கும் முன் மறுபடி ஓட்டு. உங்கள் வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ 17 வயது முடிந்திருந்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ இப்போதே நிரப்பலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைகிறவர்களின் பெயர் அதற்கேற்பப் பட்டியலில் ஏறும். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களின் பெயர்தான் அதிகம் விட்டுப்போகிறது. மருமகளின் பெயர் உங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலில் இருக்கிறதா என்று மாமியார்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில் பிள்ளைகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறோம். தங்களுக்குப் பிடித்த அனிமே எது, ஏன் என்று அவர்களே தமிழில் எழுதி அனுப்பட்டும். எழுத்துப்பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெற்றோர் திருத்திக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்