கணினியின் தலைமுறைகளும் ஒரு மெட்டியும்

எங்கள் கல்லூரிக் கணினித் துறையின் ஆண்டு விழாவுக்குத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரை வாழ்த்துரைக்கு அழைப்பது வழக்கம். சென்ற முறை நான் போனேன். மேடையில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள்: ‘கணினியின் ஐந்து தலைமுறைகள்’. வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி, செயற்கை நுண்ணறிவு. ஓரத்தில் பாபேஜ், டூரிங், வான் நியூமன், பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ் படங்கள். எதிரே அமர்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் பக்கத்துப் பெண்கள். அவர்களுடைய அக்காவோ அண்ணியோ சித்தியோ அங்குள்ள ஏதோ ஒரு கம்பெனியின் லைனில் நின்று போனுக்குத் திருகாணி முடுக்கியிருப்பார்கள். பதாகையில் அவர்கள் இல்லை. நானும் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. ‘கணினி’ என்ற சொல்லையும் கணியன் பூங்குன்றனாரையும் சேர்த்துச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். அன்று பேசியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

தலைமுறை என்பது தமிழில் பிள்ளைப்பேற்றோடு சேர்ந்த சொல். ஒரு தலைமுறை இன்னொன்றைப் பெற்று, வளர்த்து, விட்டுப் போகிறது. கணினியின் தலைமுறைகள் மட்டும் பெற்றவள் யாரும் இல்லாமலே பிறந்துவிடுகின்றன. தந்தை உண்டு, சார்லஸ் பாபேஜ் கணினியின் தந்தை என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தாயிற்று. தாய் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் என் தொழில். கணியன் என்றால் கணித்துச் சொல்லும் ஆள். ஆங்கிலத்திலும் ‘கம்ப்யூட்டர்’ என்பது முதலில் எந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடுவதற்காகச் சம்பளத்துக்கு வைத்த ஆளையே குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த வேலைக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஹார்வர்டு வானாய்வகத்தில் விண்மீன்களை வகைப்படுத்தியவர்கள் பெண்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டவர்கள் பெண்கள். ஆணைவிடக் குறைந்த சம்பளம் போதும், சலிக்கிற வேலையைப் பொறுமையாகச் செய்வார்கள். காரணம் அவ்வளவுதான்.

1946 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அப்போது நிரல்மொழி என்று ஒன்று கிடையாது. சுற்று வரைபடங்களைப் படித்துப் புரிந்துகொண்டு, கேபிள்களை மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி அந்த எந்திரத்தைக் கணக்குப் போட வைத்தார்கள். செய்முறை விளக்கம் வெற்றி. அன்றிரவு விருந்து நடந்தது. அவர்களுக்கு அழைப்பில்லை. அவர்கள் யார் என்று உலகம் விசாரிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. நிரல் எழுதுவது மதிப்புள்ள வேலை என்று தெரிந்தபின் அது ஆண்களின் தொழிலாயிற்று. மலிவாக இருக்கும்வரை பெண்ணுடையது, மதிப்பு வந்தால் ஆணுடையது. சமையலுக்கும் இதே விதிதான்: வீட்டில் அவள், கல்யாண மண்டபத்தில் அவன்.

மூளை வேலை கைமாறிய பிறகு பெண்ணுக்கு விரல் வேலை மிஞ்சியது. நிலாவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் கணினிக்கு நினைவகத்தைக் கையால் நெய்தார்கள். காந்த வளையத்தின் உள்ளே கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் சுழி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் அதை நெய்தவர்கள் பெண் தொழிலாளர்கள். பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘கிழவி நினைவகம்’. ஃபேர்சைல்டு நிறுவனம் 1965இல் நவஹோ பழங்குடியினரின் ஷிப்ராக் என்ற ஊரில் ஆலை தொடங்கி அப்பெண்களைச் சில்லுத் தயாரிப்பில் அமர்த்தியது. 1969இல் அது வெளியிட்ட கையேடு, அவர்கள் நெய்யும் கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் ஒப்பிட்டு, இவர்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் என்பதுபோல் பெருமை பேசியது. 1975இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராட்டக்காரர்கள் ஆலைக்குள் புகுந்து அமர்ந்தார்கள். நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதா?

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. இந்தியாவுக்குக் கணினியைக் கொண்டுவந்தவர் அவரே என்று பேச்சாளர்கள் சொல்வார்கள். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இலேயே கணினி வந்துவிட்டது என்பது அவர்களுக்கு வேண்டாத செய்தி. கொண்டுவந்தவரின் பெயர் இருக்கட்டும். அதே வட்டாரத்தில் அதைச் செய்துகொடுப்பவர்களின் பெயரை எங்கே எழுதியிருக்கிறோம்?

நோக்கியா இங்கே 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் சீருடையோடு கம்பெனி பஸ் ஏறினார்கள். 2010 அக்டோபர் இறுதியில் 22 வயதுப் பெண் ஒருவர் எந்திரத்தில் சிக்கி இறந்தார். 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலையே நின்றது. வரி வழக்கும் மைக்ரோசாஃப்டுக்கு வணிகம் கைமாறியதும் காரணங்கள். மூடுவதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! எந்த விருப்பம், யாருடைய விருப்பம்?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றின் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதன்பிறகே ஆப்பிள் நிறுவனம், சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. நவஹோ பெண்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகள் என்று கையேடு எழுதியவர்கள் அந்த மறியலைப் பார்த்திருக்க வேண்டும்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், அந்த ஆலையின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தி ஓய்ந்தது.

எனக்கு ஓயவில்லை. என் மாணவி ஒருத்தி, கணினி அறிவியல் படித்தவள், திருமணமான ஆறாம் மாதம் அந்த வட்டாரத்தில் வேறொரு கம்பெனிக்கு ஏஜென்சி வழியாக நேர்காணலுக்குப் போனாள். பெயர் வேண்டாம். தாலியைச் சட்டைக்குள் மறைத்திருந்தாள். மெட்டியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள். விரலில் மெட்டி இருந்த இடம் வெளுத்திருந்தது. “அம்மா, நான் சர்டிபிகேட்டை நீட்டுனேன், அவரு என் காலைப் பாத்தாரு” என்றாள். படி, பட்டம் உன்னைக் காப்பாற்றும் என்று மூன்றாண்டு அவளுக்குச் சொன்னவள் நான். எனக்குப் பதில் வரவில்லை.

உலோகம் மின்னேற்றத்தால் சில்லைக் கெடுக்கும் என்று ஒரு விளக்கம் தருகிறார்கள். கெடுக்கட்டும், கதவருகே ஒரு பெட்டி வைத்தால் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவாள். கைக்கடிகாரம் கட்டிய ஆணிடம் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்கிறார்களா? அவர்கள் அஞ்சுவது மெட்டிக்கு அல்ல. அதைத் தொடர்ந்து வரக்கூடிய கருப்பைக்கு, விடுப்புக்கு, காய்ச்சல் கண்ட குழந்தைக்கு, ஏழு மணிக்கு வீட்டில் எரிய வேண்டிய அடுப்புக்கு. வீடு பெண்ணின் தலையில் ஏற்றிய சுமையைக் காரணம் காட்டி ஆலை அவளை வெளியே நிறுத்துகிறது. ஆலையில் இடமில்லை என்பதைக் காரணம் காட்டி வீடு அவளை உள்ளே நிறுத்துகிறது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல் நடக்கிறது.

இது புதிதுமல்ல. திருமணத்துக்கு அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று வெளியுறவுப் பணிப் பெண்களுக்கு இருந்த விதியை எதிர்த்து சி. பி. முத்தம்மா வழக்குத் தொடுத்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளைக் கடுமையாகச் சாடியது. வேலைக்கு எடுப்பதில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அதிகாரிப் பெண்ணுக்குக் கிடைத்த நியாயம் சுங்குவார்சத்திரத்துப் பெண்ணுக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

தோழிகள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு: இந்த வேலைதானே அவர்களை வயல்கூலியிலிருந்தும் பதினெட்டு வயதுக் கல்யாணத்திலிருந்தும் காப்பாற்றியது? உண்மை. முதல் சம்பளத்தில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்களை நான் அறிவேன். ஹாஸ்டல் அறையில் முதன்முறையாக, யாரும் கேள்வி கேட்காமல், ஞாயிறு முழுவதும் தூங்கியவர்களை அறிவேன். அந்தச் சுதந்திரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதற்கு ஒரு காலாவதித் தேதி போட்டிருப்பதைத்தான் எதிர்க்கிறேன். கல்யாணம்வரை மட்டும் செல்லும் விடுதலை விடுதலை ஆகாது. அது வரதட்சணை சேர்ப்பதற்குத் தந்த தவணை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. செலவு 706.50 கோடி ரூபாய். நல்லதுதான். ஆனால் கைக்குழந்தையோடு வேலைக்கு வர நினைப்பவள் எங்கே தங்குவாள், குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியையும் அதே அரசிடம் கேட்டாக வேண்டும். மணமானவரா என்ற கேள்வி எந்த நேர்காணலிலும், எந்த ஏஜென்சியின் வாட்ஸாப் விளம்பரத்திலும் இருக்கக் கூடாது. கேட்டவருக்குத் தண்டனை வேண்டும். ஒப்பந்தப் பெண்ணுக்கும் சங்கம் வேண்டும்.

அடுத்த விழாவுக்கும் அழைத்திருக்கிறார்கள். பதாகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஐந்து தலைமுறைக்கும் கீழே எனியாக்கின் ஆறு பெயர்கள் வரும், ஷிப்ராக் வரும், வால்தம் வரும். கடைசி வரியை மாணவியரே எழுதட்டும். வீட்டில் யார், எந்தக் கம்பெனி, எந்த லைன், எத்தனை வருடம், ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினான்கு தாள்கள் வந்திருக்கின்றன. ஒன்பதில், ‘ஏன் நின்றார்கள்’ என்ற இடத்தில் ஒரே பதில்: கல்யாணம்.