தழையில் இருக்கிறது சத்து



கவாத்து முடிந்த தோப்புகளில் கிளைகளைக் குவித்துக் கொளுத்துவது இன்னும் நிற்கவில்லை. நைட்ரஜனுக்கு நம் ஊரில் தழைச்சத்து என்று பெயர். பொட்டாசியம் சாம்பல்சத்து. தழையைக் கொளுத்தினால் சாம்பல்சத்து தரையில் தங்கும். தழைச்சத்து புகையோடு போய்விடும். பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள்தான்!

வரப்போரம் நிற்கும் கிளைரிசிடியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காய்ந்த இலையில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து. பச்சைத் தழையில் முக்கால்வாசி தண்ணீர். ஆக 100 கிலோ பச்சைத் தழை போட்டால் ஒன்றரை கிலோ யூரியாவுக்குச் சமம். 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். யூரியா மூட்டையில் மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனி ஏது?

அந்த மரத்தின் வேரோரம் கொஞ்சம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட உறவான நிறமி அது. சிவப்பு இருந்தால், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையாக இருந்தால் வேலை முடிந்துவிட்டது. மேலே கிளையை வெட்டும்போது கீழே சல்லிவேர்களும் முடிச்சுகளும் கொஞ்சம் மடிந்து மண்ணில் சேரும். தழையைச் சுமந்துவந்து போடுவதற்கு முன்பே ஒரு பங்கு உரம் இட்டாயிற்று.

எல்லாவற்றையும் புதைக்கலாமா? நான் புதைத்தேன். தடித்த குச்சிகளையும் நறுக்கிக் கத்தரிப் பாத்தியில் மூடியதில், செடிகள் மஞ்சள் தட்டி நின்றன. கட்டையில் கரிமம் அதிகம், தழைச்சத்து சொற்பம். அதைத் தின்ன வந்த நுண்ணுயிர்கள், பற்றாக்குறைக்கு மண்ணில் இருந்த தழைச்சத்தையே எடுத்துக்கொண்டன, கத்தரிக்கு மிச்சமில்லை. அதிலிருந்து இலையும் இளந்தண்டும் மட்டும் மண்ணுக்குள். பென்சில் கனத்துக்கு மேற்பட்டது அடுப்புக்கு, அல்லது மரத்தடியில் மூடாக்காக. மேலே கிடந்தால் பூஞ்சைகள் நிதானமாகத் தின்னட்டும்.

ஆடு வைத்திருப்பவர்கள், 'மண்ணுக்கு எதற்கு? ஆட்டுக்குப் போடுங்கள்' என்பார்கள். சண்டைக்கு வரமாட்டேன். புழுக்கையாகத் திரும்பி வந்தால் சரி.

நடவுக்கு முன் சேற்றில் தழை மிதித்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? புங்கமா, கொழுஞ்சியா, எருக்கா? எது, ஏன் என்று கேட்டு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். இங்கே அலுவலகத்தில் புங்கம் கட்சிக்கும் எருக்கு கட்சிக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த இதழில் உங்களுக்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்