கடிதத்தில் இல்லாத கப்பல்



ஜூன் மாதம் பிறந்தால் போதும், மணியாச்சி ஜங்ஷனைப் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிடும். கோவில்பட்டி, கடம்பூர், ஓட்டப்பிடாரம் பக்கத்து வாசகர்கள் சிலர் இரண்டு செய்திகளை நமக்கு அனுப்பி, "இது உண்மைதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலு பேருக்குத் தள்ளிவிடாமல், நின்று கேட்டார்களே, அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். இந்த மாதம் இந்தப் பக்கம் அவர்களுக்கான பதில்.

முதல் செய்தி இப்படிப் போகிறது. பிரசவ வேதனையில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட குலப் பெண்ணை அக்ரகாரத் தெரு வழியாக வண்டியில் கொண்டுபோகத் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் வழிசெய்தார். அந்த ஆத்திரத்தில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். இந்தக் கதையைத் தாங்கி நிற்கும் அன்றைய ஆவணம் எதுவும் இதுவரை வெளிவரவில்லை. சில வடிவங்களில் சம்பவம் செங்கோட்டையில் நடந்ததாக வருகிறது. செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருநெல்வேலி கலெக்டரின் அதிகாரம் அங்கே செல்லாது.

இரண்டாவது செய்தி வாஞ்சியை இந்து தர்மத்துக்காக உயிர்விட்ட வீரராக மட்டும் காட்டுகிறது. காவிக்கொடி, சங்கொலி, பின்னணியில் ரயில். அதில் வ.உ.சி.யின் கப்பலும் இல்லை, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளியும் இல்லை. முதல் செய்தி வருகிற குழுக்களில் இரண்டாவது வருவதில்லை. இரண்டாவது வருகிற குழுக்களில் முதலாவது வருவதில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1911 ஜூன் 17, சனிக்கிழமை. காலை 9.30-க்குத் திருநெல்வேலியில் புறப்பட்ட வண்டி 10.38-க்கு மணியாச்சி வந்து நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷும் அவர் மனைவி மேரியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் பயணம். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் 10.48-க்கு. அதில் மாறி ஏற வேண்டும். கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோகும் ரயில் அது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் வாஞ்சி பெட்டியில் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கியால் ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். வயது இருபத்தைந்துதான். புனலூரில் வனத்துறை வேலை, இளம் மனைவி. அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் போகுமுன் ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இத்தனை பேரையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் கொண்டுவந்து சேர்த்தவர், மணியாச்சிக்குப் பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை. ஆஷ் பிறந்ததும் அதே 1872-தான், அயர்லாந்தில். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பங்கு வாங்கியவர் நெற்றியில் விபூதியா, நாமமா, தொழுகைத் தழும்பா என்று அந்தக் கம்பெனி பார்க்கவில்லை.

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் பேசினார்கள், ஊரே கூடிக் கேட்டது. அந்த நாட்களில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். சவரத்துக்கு உட்கார்ந்த ஒரு வக்கீல் வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேச, சவரத் தொழிலாளி பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார். கத்தியைக் கையில் வைத்திருந்தவர் செய்தது அவ்வளவுதான். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் மில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது.

மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கசாப்புக் கடைக்காரர், ஜட்கா வண்டிக்காரர், துப்புரவுத் தொழிலாளர் என்று அன்றாடங்காய்ச்சிகள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது தூத்துக்குடியில் அடக்குமுறையை நடத்திய அதிகாரிகளில் ஒருவர் ஆஷ். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், அதாவது நாற்பது வருஷம் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. கம்பெனி சரிந்தது, கப்பல்கள் கைமாறின.

அதன்பிறகு ஒவ்வொரு கதவாக மூடினார்கள். கடற்கரைக் கூட்டம் நின்றது. பாரதியின் 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரிக்குக் குடிபோய், பிரிட்டிஷ் எல்லைக்குள் வரத் தடையாகி, 1910 மார்ச்சில் நின்றே போனது. அதே வருஷம் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. நாலு பேர் முன்னால் நின்று பேச இடமில்லாமல் போனது. கோபம் மட்டும் குறையவில்லை. அது அறைக்குள் போய்விட்டது.

அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதை ஆஷ் கொலை வழக்கின் சாட்சியங்களிலிருந்து அறிகிறோம். நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய், வாஞ்சியும் சேர்ந்த பாரத மாதா சங்கம் என்ற ரகசிய அமைப்புக்கு ஆள் சேர்த்தார். தென்காசியில் கூடினார்கள். காளி படம், குங்குமம் கரைத்த நீர். அதை வெள்ளையர் ரத்தமாக நினைத்துக் குடித்து, விரலைக் கீறிக் கையெழுத்திட்டுச் சத்தியம் செய்தார்கள். ஆரியர்களுக்குப் புத்தி சொல்லும் துண்டுப் பிரசுரம் ஒன்று கைக்குக் கை மாறியது. லண்டனிலிருந்து தப்பிப் புதுச்சேரி வந்திருந்த வ.வே.சு. ஐயர் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். ஆட்கள் போக வர ரயில், சேதி போகத் தபால். கம்பெனிக்குப் பங்கு சேர்க்க எந்த ரயிலும் தபாலும் உதவினவோ அவைதான் இதற்கும் உதவின.

ஆனால் கடற்கரையில் ஊரெல்லாம் கேட்ட பேச்சுக்கும் அறைக்குள் பத்துப் பேர் கேட்ட பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கடற்கரையில் பேசுகிறவர் பக்கீர் சேட்டையும் மில் கூலியையும் சவரத் தொழிலாளியையும் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அவர்கள் மனம் புண்படும் வார்த்தை வாயில் வராது. வந்தாலும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். அறைக்குள் கேட்க ஆளில்லை. எல்லாரும் ஒரே மாதிரி, ஒரே தெருப் பிள்ளைகள்.

வாஞ்சியின் கடிதத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆங்கிலேய மிலேச்சர்கள் இந்துக்களின் சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள் என்கிறது அது. ராமனும் கிருஷ்ணனும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில், பசு இறைச்சி தின்னும் ஜார்ஜ் மன்னனுக்கு முடிசூட்டுவதா என்று கொதிக்கிறது. லண்டனில் முடிசூட்டு விழாவுக்கு அப்போது ஐந்து நாள்தான் இருந்தது. கடிதத்தில் கப்பல் கம்பெனி இல்லை. சிறையில் கிடந்த வ.உ.சி. இல்லை. கோரல் மில் இல்லை, குண்டடிபட்டுச் செத்த நான்கு பேர் இல்லை. பக்கீர் சேட்டுக்கு அந்தக் கடிதத்தின் நாட்டில் எங்கே இடம்? மாட்டிறைச்சி உண்ணும் உழைப்பாளிக்கு எங்கே இடம்?

வாஞ்சியின் உயிர்த் தியாகத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. அடிமைத்தனம் பொறுக்காமல் உயிரைக் கொடுத்த பிள்ளை அவர். ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் இருப்பதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. வெள்ளையர் ஆட்சி எல்லார் வாயையும் அடைத்ததுதான் அவரை அந்த அறைக்குள் தள்ளியது என்றும் நம்புகிறேன். ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்த ஒரு கோபம், மூன்றே வருஷத்தில் ஒரு மதத்தின் கோபமாகச் சுருங்கிப்போனதே, அதை நினைத்துத்தான் மனம் ஆறவில்லை.

அந்தச் சுருக்கம் 1911-உடன் நிற்கவில்லை. துப்பாக்கிப் பயிற்சி தந்த வ.வே.சு. ஐயர் பின்னாளில் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். பொதுப் பணத்தில் நடந்த அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி போட்டதை 1924-25-இல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டுக்காக உயிரையே பணயம் வைத்தவருக்கு, பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்காரவைப்பது கடினமாக இருந்திருக்கிறது. 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் இது நேர்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வாஞ்சியின் சொந்த ஊரான செங்கோட்டைக்குப் பக்கத்தில்தான் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. சாதிக் கொடுமை தாங்காமல் மாறினோம் என்று அவர்களே சொன்னார்கள். செய்தி டெல்லி வரைக்கும் போனது, தலைவர்கள் வந்து குவிந்தார்கள். இந்து அமைப்புகள் நாடு முழுக்கத் தீவிரமாகத் திரள மீனாட்சிபுரம் ஒரு காரணமாயிற்று. டெல்லி போய்ச் சேர்ந்த செய்தியில் மதமாற்றம் இருந்தது, அந்த மக்கள் பட்ட அவமானம் இல்லை. மறுவருஷமே மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூடு வரை போனது.

இன்றைக்கு அந்த அறை நம் சட்டைப்பையில் இருக்கிறது. சத்தியமோ குங்கும நீரோ தேவையில்லை, 'குழுவில் சேர்' என்பதை ஒருமுறை தொட்டால் போதும். கைப்பேசியைத் திட்டுவது என் நோக்கமில்லை. துபாயிலிருந்து பேரனின் முகத்தைப் பாட்டிக்குக் காட்டுகிறதும் அதே கைப்பேசிதான். மழை எப்போது வரும், உளுந்து, பருத்தி என்ன விலை போகிறது என்று கரிசல் சம்சாரிக்குச் சொல்கிறதும் அதுதான். ஆனால் ஒரே சாதி, ஒரே மதம், ஒரே கட்சி என்று அடைத்துக்கொண்ட குழுவில் மறுத்துக் கேட்கிறவர் முதல் வாரமே நீக்கப்படுகிறார். மிச்சமிருப்பவர்கள் ஒருவர் கோபத்துக்கு இன்னொருவர் தூபம் போடுகிறார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி விசாரித்துக்கொண்டு வந்தவர் அவர். அதற்கு முன்பு அந்தப் பக்கக் கைப்பேசிகளில் சுற்றியது பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி. இப்படி நாடெங்கும் பலர் செத்த பிறகுதான் அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அதுவும் வேகத்தைத்தான் குறைக்கும். பொய்யை மெய்யாக்காது.

வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அயர்லாந்து வரை ஆஷின் தடம் தேடிப் போய், அவருடைய பேரனைச் சந்தித்து எழுதியிருக்கிறார். அந்தப் பேரன் வாஞ்சியின் குடும்பத்தாருக்கு நட்பும் நல்லிணக்கமும் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். தாத்தாவை இழந்த குடும்பம் அது. உங்கள் கைப்பேசிக்கு ஜூன் மாதச் செய்திகள் எத்தனையோ வந்திருக்கும், இது வந்திருக்காது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கரிசல் மண் கடிதம் எழுதியே இலக்கியம் வளர்த்த மண். இடைசெவலின் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுதிக்கொண்ட கடிதங்களை நாம் எல்லாரும் அறிவோம். உங்கள் வீட்டில் சுதேசிக் கப்பலின் பங்குப் பத்திரம் இருக்கலாம். கோரல் மில்லில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை இருக்கலாம். உங்கள் தெருக்காரர் அல்லாத, உங்கள் சாமியைக் கும்பிடாத ஒருவர் உங்கள் குடும்பத்துக்குக் கைகொடுத்த நிகழ்ச்சி இருக்கலாம். எழுதி அனுப்புங்கள். கையால் எழுதி அனுப்பினாலும் சரி, குரலில் பேசி அனுப்பினாலும் சரி. யார் எழுதினாலும், ஆஷுக்கு மலர் வைப்பவர் எழுதினாலும் வாஞ்சிக்கு மாலை போடுபவர் எழுதினாலும், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சிடுவோம். ஒருவர் எழுதியதை மற்றவர் மறுத்து எழுதினால் அதையும் அச்சிடுவோம். ஒன்றே ஒன்று: கேட்டதா, படித்ததா, பார்த்ததா என்று தவறாமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்