கரையேற்றும் தோள்கள்

தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளத்தைக் கரையேற்ற ஒருவன் கை போதாது. பலர் தோள் கொடுக்க வேண்டும். குடியிலிருந்து மீள்வதும் அத்தகையதே!

2015-இல் நம் மாவட்டத்து உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர்நீத்தார். கடையை மூடக் கேட்பது நம் கடமை. அது மட்டும் போதுமா? முதல் குவளையை நீட்டுபவன் பெரும்பாலும் நண்பன் அல்லவா?

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டிருந்த பில் வில்சனை மீண்டும் ஆசை வாட்டியது. அவர் இன்னொரு குடிநோயாளியைத் தேடிச் சென்றார். அவர் மருத்துவர் பாப் ஸ்மித். பேசிப் பேசியே இருவரும் மீண்டனர். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது. அங்கே கட்டணமில்லை, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி.

நண்பர்களே! கல்யாண வீட்டில் ‘வேண்டாம்’ என்பவனைக் கேலி செய்யாமல், கட்டன்சாயாவோடு அவனருகில் அமர்வோம். அதுவே நாம் கொடுக்கும் தோள்!