நெல் விலையும் ஜெனீவா கணக்கும்

சம்பா அறுவடை சமயத்தில் மன்னார்குடி பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். குவித்து வைத்த நெல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, அது புரியுது சார். ஆனா எங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற விலை ஜாஸ்தின்னு வெளிநாட்டுக்காரன் ஏன் சண்டை போடறான்? அவனுக்கும் என் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

அன்றைக்கு அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். உங்கள் நெல் விலையைப் பற்றிய பேச்சு உங்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது.

10 சதவீத வரம்பு

உலக வர்த்தக அமைப்பு 1995-ல் தொடங்கியது. தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இருக்கிறது. அதன் வேளாண் ஒப்பந்தப்படி, ஒரு பயிருக்கு அரசு தரும் விலை ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது இந்தியா போன்ற வளரும் நாடுகளுக்கான வரம்பு.

விலை ஆதரவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அரசு அறிவிக்கும் கொள்முதல் விலையில் இருந்து ஒரு 'ஒப்பீட்டு விலை'யைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை நெல்லின் அளவால் பெருக்கினால் வருவது மானியம். சிக்கல் அந்த ஒப்பீட்டு விலையில்தான் இருக்கிறது. அது இன்றைய உலகச் சந்தை விலை அல்ல, 1986 முதல் 1988 வரையிலான சராசரி விலை. இந்திய அரிசிக்கு அது டன்னுக்கு 3,520 ரூபாய், அதாவது கிலோ 3 ரூபாய் 52 காசு.

இப்போது நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். (தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து உங்கள் கைக்கு வருவது 2,500 ரூபாய்.) குவிண்டால் நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி. அரவைக் கூலி சேர்க்காமலே கிலோ அரிசி 35 ரூபாய்க்கு மேல் வருகிறது. 3.52 ரூபாயைக் கழித்தால், கிலோவுக்குச் சுமார் 32 ரூபாய் உங்களுக்கு 'மானியம்' தரப்படுவதாகக் கணக்கு சொல்கிறது!

1986-87-ல் நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 146 ரூபாய். அன்றைய ஆள் கூலி என்ன, டீசல் என்ன, டிஏபி மூட்டை என்ன விலை என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்து விலையை வைத்து இன்றைய விவசாயியை அளப்பது எந்த ஊர் நியாயம்?

ஒரே நெல், இரண்டு கணக்கு

இந்தியா இந்தக் கணக்கை டாலரில் போடுகிறது. டாலரில் ஒப்பீட்டு விலை டன்னுக்கு 262.51. டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் கிலோவுக்கு 22 ரூபாய் ஆகிறது. வித்தியாசம் 13 ரூபாயாகக் குறைந்துவிடும். அதையும் அரசு வாங்கிய நெல்லுக்கு மட்டுமே பெருக்குகிறோம்.

அமெரிக்கா இதை ஏற்கவில்லை. கணக்கை ரூபாயில்தான் போட வேண்டும், நாட்டில் விளைந்த மொத்த நெல்லுக்கும் பெருக்க வேண்டும் என்று 2018-ல் வாதிட்டது. 2010-11 முதல் 2013-14 வரையிலான ஆண்டுகளில் அரிசிக்கு 70 சதவீதத்துக்கு மேலும், கோதுமைக்கு 60 சதவீதத்துக்கு மேலும் இந்தியா ஆதரவு தந்ததாகச் சொன்னது. நம் கணக்கிலோ அந்த ஆண்டுகளில் அரிசி 10 சதவீதத்துக்குள்தான் இருந்தது.

ஆனால், நம் கணக்கிலும் வரம்பு தாண்டியாயிற்று. 2018-19-ல் அரிசி உற்பத்தியின் மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு 500 கோடி டாலர், அதாவது 11 சதவீதத்துக்கு மேல் என்று இந்தியாவே தெரிவித்தது. அப்போது நம்மைக் காப்பாற்றியது, 2013-ல் பாலி மாநாட்டில் கிடைத்த 'சமாதான விதி'. உணவுப் பாதுகாப்புக்காக அரசு தானியம் வாங்குவதில் வரம்பு மீறினாலும் வழக்குப் போடக் கூடாது என்பது அதன் சாரம். நிரந்தரத் தீர்வு வரும்வரை அது நீடிக்கும். 2017-க்குள் வர வேண்டிய அந்தத் தீர்வு, 2024-ல் அபுதாபியில் கூடிய மாநாட்டிலும் வரவில்லை. இந்த விதி 2013 டிசம்பருக்கு முன்பே நடப்பில் இருந்த திட்டங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நாளை புதிதாக ஒரு கொள்முதல் திட்டம் தொடங்கினால் இந்தக் குடை அதற்கு இல்லை.

பணக்கார நாடுகளின் நிலை வேறு. வழக்கமான வரம்புக்கு மேலும் மானியம் தரும் உரிமையை அவை ஒப்பந்தத்திலேயே வாங்கி வைத்திருக்கின்றன. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 7,200 கோடி யூரோவுக்கு மேல். அதை ஓரிரு பயிர்களுக்கே அள்ளிக் கொடுத்தாலும் கேட்பாரில்லை.

எதிர்த் தரப்பின் நியாயம்

எதிரே நிற்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. தாய்லாந்து, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலும் சிறு நெல் விவசாயிகள் இருக்கிறார்கள். உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. 'ஏழைகளுக்கு என்று சொல்லி மானிய விலையில் சேர்க்கும் அரிசி, சுற்றி வளைத்துக் கப்பல் ஏறி எங்கள் சந்தையைக் கெடுக்கிறது' என்பது அவர்களின் புகார். ரேஷனுக்குச் சேர்த்த அரிசி ஏற்றுமதிக்குப் போகவில்லை என்பதைக் கணக்கோடு காட்டுவது நம் பொறுப்பு. அதைச் செய்தால்தான் ஒப்பீட்டு விலையை மாற்றக் கேட்கும் நம் குரலுக்கு மதிப்பு இருக்கும்.

ஜெனீவா செய்யாத கெடுதல்

இந்தியாவின் நிலைப்பாட்டை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். நம் விளைபொருளின் விலை விழும்போதெல்லாம் அதற்குக் காரணம் ஜெனீவா அல்ல. பல நேரங்களில் காரணம் டெல்லிதான்.

நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை இறக்குமதி வரி போட உலக வர்த்தக அமைப்பு நம்மை அனுமதிக்கிறது. ஆனால் 2025 மே 30 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை வரி 20-ல் இருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. ஆடிப் பட்டத்துக்கு மானாவாரிக் கடலை விதைக்க நிலம் தயார் செய்யும் நேரம் அது.

பருத்தியும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் 11 சதவீத இறக்குமதி வரி விலக்கப்பட்டு, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவின் 50 சதவீத வரியால் திணறிய ஜவுளித் துறைக்கு அது தேவையாக இருந்தது. தொழிலாளர்களின் வேலையும் முக்கியம்தான். ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் பருத்தி எடுப்பு தொடங்குவது அக்டோபரில். சுமையின் ஒரு பங்கு பருத்தி விவசாயியின் தலையில் இறங்கியது.

அரிசியில் 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை, ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உள்நாட்டு விலையை அடக்க எடுத்த முடிவுகள் இவை. 2024 செப்டம்பர், அக்டோபரில்தான் நீங்கின. உலகச் சந்தையில் விலை ஏறிய காலத்தில் நம் விவசாயிக்கு அந்த ஏற்றம் முழுதாக வந்து சேரவில்லை. நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளும் தவித்தன.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, ஒப்பீட்டு விலையை விலைவாசிக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அல்லது அண்மை ஆண்டுகளின் சராசரியை எடுக்க வேண்டும். அது நடக்கும்வரை சமாதான விதியை எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, இறக்குமதி வரியைக் குறைப்பதற்கும் ஏற்றுமதியைத் தடுப்பதற்கும் முன்கூட்டியே தெரிந்த விதி வேண்டும். சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பொருளின் வரியில் கை வைக்கக் கூடாது. மாற்றம் எதுவானாலும் விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இதைச் செய்ய ஜெனீவாவின் அனுமதி தேவையில்லை.

மூன்றாவது, எங்களைப் போன்றவர்களுக்கான வேலை. தண்ணீர் குறைந்த இடத்தில் நெல்லை விட்டு உளுந்து, கடலை, எள் போடுங்கள் என்று வேளாண் துறையினரும் விஞ்ஞானிகளும் சொல்கிறோம். உழவியல் படித்தவனாக அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருப்பது போல அந்தப் பயிர்களுக்கு விலைக் காப்பு இல்லாதபோது, சொல்வதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பயிற்சிக் கூட்டங்களில் விதை, உரத்தோடு இறக்குமதி வரி பற்றியும் பேச வேண்டும்.

விலைகளைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் விவசாய அமைப்புகளின் கருத்தைக் கேட்கிறது. உங்கள் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, கூலி, டீசல், உரச் செலவுக் கணக்கை எழுதி வைத்திருந்தால் அங்கே கொடுக்கலாம். ஜெனீவாவில் 1986-ன் விலையை வைத்துப் பேசுகிறவர்களுக்கு, உங்கள் வயலின் இன்றைய செலவுக் கணக்கைவிட நல்ல பதில் வேறில்லை. அடுத்த பட்டத்துக்கு உழவு ஓட்டும் அன்றே அந்த நோட்டைத் தொடங்குங்கள்.

- கட்டுரையாளர், உழவியல் விஞ்ஞானி