கப்பல் வந்தால்தான் கல்லூரி

வெளியுலகம் கட்சாலை இரண்டு முறை திரும்பிப் பார்த்திருக்கிறது. 2000 ஜனவரி 1-ம் தேதி புத்தாயிரத்தின் முதல் சூரியோதயத்தைக் காணும் இடம் என்று விளம்பரம் செய்யப்பட்டது முதல் முறை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்த நிகோபார் தீவின் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது இரண்டாவது முறை. 2001-ல் 5,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 2,685 ஆகிவிட்டது. இரண்டு முறையும் காமிராக்கள் வந்த வேகத்தில் திரும்பிவிட்டன. தீவிலேயே தங்கிவிட்ட ஒரு சாதாரணக் கேள்வியை யாரும் படம் பிடிக்கவில்லை: பிளஸ் டூ முடித்த பிள்ளை அடுத்து எங்கே போவது?

கட்சாலில் கல்லூரி கிடையாது. போக வேண்டியது போர்ட் பிளேருக்கு. 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். நேர்கோட்டில் அளந்தாலே 400 கி.மீ.க்கு மேல். நடுவே பத்து டிகிரி கால்வாய். பெயர்தான் கால்வாய், பருவமழைக் காலத்தில் அனுபவப்பட்ட மாலுமிகளே மரியாதை கொடுக்கும் கடல். 1967-ல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு அரசுக் கல்லூரிதான் நெடுங்காலமாகத் தீவுகளின் கலை, அறிவியல் படிப்புக்கு வாசல். பல ஆண்டுகள் அது புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. கட்சால் மாணவன் கடல் தாண்டிப் படித்தான். அவனுடைய பாடத்திட்டமோ வங்காள விரிகுடாவையே தாண்டி வந்தது.

சமவெளி மாணவனுக்கு விடுமுறை என்றால் காலண்டரில் சிவப்பு எழுத்து. கட்சால் மாணவனுக்கு விடுமுறை கப்பல் அட்டவணையில் இருக்கிறது. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டு என்ன பயன்? ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் விடுமுறை முடிந்துவிடும். சேர்ந்தாலும் திரும்பி வரக் கப்பல் வேண்டும். கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும். தேர்வுத் தேதி தள்ளிப்போகாது. எனவே மூன்று வருடப் படிப்பில் வீட்டு முகம் பார்ப்பது எப்போதாவதுதான். வீட்டில் ஒருவர் இறந்துபோனால்கூட, துக்கத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்பதைக் கப்பலோ ஹெலிகாப்டரோதான் தீர்மானிக்கும்.

இந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தமிழர்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் சில குடும்பங்கள் ரப்பர் பால் வெட்டுவதற்காகக் கட்சாலில் குடியமர்த்தப்பட்டன. பழைய தோட்டத்திலிருந்து புதிய தோட்டத்துக்கு. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு.

ரப்பர் தோட்டத்தை நடத்தியது 1977-ல் உருவான அந்தமான் நிகோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம். பல ஆண்டுகள் நஷ்டத்தில் தள்ளாடிய அந்தக் கழகத்தை மூட 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கட்சால் பழங்குடிக் காப்புப் பகுதி; 1956-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி பழங்குடி அல்லாதவர் அங்கே நிலம் வாங்க முடியாது. நிகோபாரிகளைக் காக்கும் நியாயமான சட்டம் அது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கு அதன் விளைவு எளிமையானது: தாத்தாவின் வேலையும் இல்லை, உழுது பிழைக்கக் காணியும் இல்லை. மிஞ்சியிருப்பது படிப்பு மட்டுமே.

“பி.ஏ. படித்து என்ன ஆகப்போகிறது?” என்று நகரத்தில் கேட்பது சுலபம். பட்டம் இல்லாமல் பல அரசு வேலைகளுக்கு மனுப்போட முடியாத தீவில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. அதோடு, வீட்டில் தமிழ், நண்பர்களுடன் இந்தி, அக்கம்பக்கத்தில் நிகோபாரி, தேர்வுத் தாளில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைக்கு மொழியும் வரலாறும் வெறும் பாடங்கள் அல்ல. மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் கதையையும், சுனாமியில் தலைமுறைகளையே இழந்த நிகோபாரிகளின் கதையையும் எழுதி வைக்க யாராவது வேண்டும். வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் அனுமதிச் சீட்டோடு வந்து எழுதிப் போகிறார்கள். ஊர்ப் பிள்ளை எழுதுவது வேறு.

சிறிய இடத்தில் கல்லூரி நடக்காது என்ற வாதத்தை அந்தமானே பொய்யாக்கியிருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே சுமார் 240 கி.மீ. வடக்கே, மாயாபந்தரில் 1990-ல் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. சுற்றிலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள், ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்கள், 1925-ல் பர்மாவிலிருந்து வந்த கரென் மக்களின் வாரிசுகள். தலைநகரில் விடுதிச் செலவு கட்டுப்படியாகாத குடும்பத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், பட்டம் வாங்க அங்கே ஒரு வழி பிறந்தது. வீட்டுக்கு அருகில் கல்லூரி இருந்தால் பெண்ணை அனுப்பத் தயங்கும் தகப்பன் பாதி மனம் மாறிவிடுகிறார்.

இன்டர்நெட் யுகத்தில் எதற்குக் கட்டடம் என்று கேட்கலாம். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கார் நிகோபார், கமோர்டா, கிரேட் நிகோபார் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. கட்சால் இல்லை. பக்கத்துத் தீவான கமோர்டா வரை வந்த கேபிள் அங்கேயே நின்றுவிட்டது.

கட்சாலுக்கு என்று தனியாகக் கல்லூரி வேண்டும் என்பதல்ல வாதம். மாணவர் எண்ணிக்கை போதாது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கட்சால், கமோர்டா, நான்கவுரி, தெரெசா, சௌரா ஆகிய தீவுகள் அனைத்துக்கும் பொதுவாக, விடுதியோடு கூடிய ஒரு சிறு கலைக் கல்லூரி பேராசையல்ல. அது வரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குச் செங்கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். கல்லூரியின் தேர்வு அட்டவணையைத் தயாரிப்பவர் ஒருவர் இருக்கிறார், கப்பல் அட்டவணையைத் தயாரிப்பவர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறை, செமஸ்டர் தொடங்கும் முன், அவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும்.